பானை ஓட்டுத் தூள்

செமோர்,
தை மாதக் கடைசி

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் தர்மாவும் அண்ணி வெண்டியும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த கிளாஸ்கோ குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று முருகனிடம் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மனசளவில் எப்படி இருக்கிறோம் என்பதைத்தான் இனிமேல் எழுதப் போகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி. கையில் போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். இந்தப் போனை வாங்கி, உள்ளே எதை எதையோ ஏற்றி என் கையில் கொடுத்தவள் வெண்டி. நான் உனக்கு அனுப்புவது அவள் போனிலும் போய் விழுகிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? தர்மாவைக் கேட்டேன், அப்படியெல்லாம் கிடையாதும்மா என்று சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே சொன்னால் அதில் பாதிதான் உண்மை. அதனால் இதை நானே பஸ் ஏறி ஈப்போவுக்குக் கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பேன். உறையின் ஓரம் பிரிந்திருந்தால் எனக்கு உடனே தெரிவி.

போன மாதம் நீ ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகம் இருக்கும். கைத்தொழில் நடத்துகிறவர்களின் குணம் அவர்கள் தொழிலை எப்படித் தூக்குகிறது, எப்படிக் கவிழ்க்கிறது என்பதைப் பற்றித்தான் இப்போது படிக்கிறேன், நம் பானைப் பட்டறையைப் பற்றிச் சொல்லம்மா, உன் குணத்தால் அது வளர்ந்ததா தேய்ந்ததா என்றாய். நல்லாத்தான் போகுது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன், நீ மனம் வருந்தியிருப்பாய். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் உன் மேலேயே சந்தேகம். இந்தக் கேள்வி நீயாகக் கேட்டதா, தர்மா சொல்லிக் கேட்டதா? ஏனென்றால் அதே வாரம்தான் அவன் என்னிடம், வெண்டிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கம்மா என்று முணுமுணுத்திருந்தான். அவன் லூமுட்டில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் செமோருக்கு வருகிறான் என்பது உனக்குத் தெரியும். வெண்டியும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவனோடு போய்விட்டால் இந்தப் பட்டறை என்ன ஆகும் என்பதும் உனக்குத் தெரியும். வேலைக்கு வருகிற வீரம்மா இருக்கிறாள், சக்கரத்தில் உட்கார்ந்தால் நன்றாகத்தான் பானை செய்வாள், ஆனால் சூளைப் பக்கம் போகப் பயப்படுவாள், வாங்க வருகிறவர்களிடம் வாய் திறக்கமாட்டாள். எனக்கோ கண்ணில் புரை விழுந்து இப்படி ஆகிவிட்டது. ஆக, வெண்டி இருந்தால் பட்டறை இருக்கும், அவள் போனால் மூடிவிட்டு நான் உன் அண்ணன் வீட்டு மூலையில் போய் உட்கார வேண்டியதுதான். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

குணம் என்று கேட்டாயே, எனக்கு இருப்பது ஒரே குணம்தான், யாரையும் முழுசாக நம்பமாட்டேன். உன் அப்பா இருந்தவரைக்கும் சக்கரத்தில் உட்கார்ந்தவர் அவர், வாசலில் உட்கார்ந்தவள் நான். அவர் கைக்கு ஈடாகப் பானை செய்ய இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது, ஆனால் யார் வந்து எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுவார், நான் பின்னால் நின்று இருமிக்கொண்டே இருக்க வேண்டும். சுங்கை சிப்புட்டில் பானைக் கொட்டகை வைத்திருக்கும் மாயாண்டியும் அதே ரகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்து சக்கரத்தில் உட்கார வைப்பான், வழியில் போகிறவனை நிறுத்திச் சொல்லிக் கொடுப்பான், திடீரென்று தோன்றினால் யோசிக்காமல் கேஸ் சூளை வாங்கிப் போடுவான், அது சரிவரவில்லை என்றால் சிரித்துக்கொண்டே பழையபடி விறகுக்கு ரப்பர் பால்மரக் கட்டையை அடுக்குவான். அவனிடம் தொழில் படித்த சன்னாசி என்ன செய்தான் தெரியுமா? அவன் கொட்டகைக்கு நேர் எதிரே சாலையோரம் கடையைப் போட்டு, பூந்தொட்டி வாங்க வந்த ஆட்களில் பாதிப் பேரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். மாயாண்டியிடம் கேட்டால், இருக்கட்டும் அக்கா, இரண்டு கடை இருந்தால் காரை நிறுத்துகிறவர்கள் அதிகம் என்கிறான். இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது? உன் புத்தகத்தில் அவனுக்கு நல்ல பெயர்தான் இருக்கும், துணிந்தவன், திறந்த மனசுக்காரன் என்று. நான் பார்த்தவரை அவன் விழுந்து விழுந்து எழுந்தவன். நான் விழவே இல்லை. ஆனால் நீங்க எழுந்து நடக்கவும் இல்லையேம்மா என்று தர்மா சொல்வான், அவன் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

நான் விழாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்று இருக்கிறது, அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்தான். நம் பொங்கல் பானை அடுப்பில் ஏற்றினால் வெடிக்காது என்று ஊரில் ஒரு பேர் இருக்கிறதல்லவா? பால் பொங்குவதற்கு முன்னால் பானை விரிசல் விட்டு அடுப்பை அணைத்துவிட்டால், அந்த வீட்டில் அந்த வருஷம் யாருக்குத் தலைவலி வந்தாலும் அதையே சொல்லிக் காட்டுவார்கள், பானை விற்றவளை மறக்கவும் மாட்டார்கள். பழைய ஈயச் சுரங்கக் குட்டைப் பக்கம் எடுக்கிற களிமண், ஆற்று மணல், இது எல்லாருக்கும் தெரிந்தது. வீரம்மாவிடமும் வெண்டியிடமும் களிமண்ணுக்கு இத்தனை வாளி, மணலுக்கு இத்தனை மங்கு என்று சொல்லித்தான் இருக்கிறேன், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்து வாளியும், மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற மங்கும்தான் இன்றைக்கும் நமக்கு அளவு. அந்தக் கணக்கில் பொய் இல்லை, ஆனால் அது முழுக் கணக்கும் இல்லை. உடைந்த பானை ஓடுகளை இடித்து, மாவாகச் சலித்து, மற்றவர்கள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து மண்ணில் கொட்டி நானே மிதித்துவிடுவேன். அந்த ஓட்டுத் தூள்தான் பானையை நெருப்பில் பிடித்து நிறுத்துகிறது. இடிப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில். வீரம்மாவுக்கு அன்று விடுமுறை, வெண்டியும் தர்மாவும் சர்ச்சில் பூசைக்குப் போய்விடுவார்கள், நான் கேட்டைப் பூட்டிக்கொண்டு பின்பக்கக் கொட்டகையில் உரலோடு உட்கார்ந்துவிடுவேன். மூட்டையைப் பார்த்துவிட்டு யாராவது கேட்டால், மழைக்குச் சேறாகிற பாதையில் தூவ என்பேன். அவர்கள் நம்பட்டும் என்று பாதையில் கொஞ்சம் தூவியும் வைப்பேன். நல்ல தூள் வீணாகிறதே என்று வயிறு எரியும், இருந்தாலும் தூவுவேன்.

வெண்டியைக் குறை சொல்லத்தான் இந்தக் கடிதம் என்று நினைத்துவிடாதே. ஈப்போ டவுனில் வளர்ந்த பெண், ஏசி அறையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து மண்ணில் கை வைத்தாள். வைத்த வேகம்தான் எனக்குப் பயமாக இருந்தது. நான் பானை வெந்து, ஆறி, அடுக்கில் ஏறிய பிறகுதான் யாருக்கும் சரி என்பேன், இவள் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் மண்ணையே பார்ப்பாள். எடுத்துக்கலாம் அத்தை, பார்த்துக்கலாம் என்பது அவள் மந்திரம். படம் எடுத்துப் போனில் போட்டாள், ஹோட்டல்காரர்கள் செடி வைக்கச் சட்டி கேட்டு வந்தார்கள், தீபாவளி விளக்குகள் தீபாவளிக்கு முன்னாலேயே தீர்ந்துபோய் வீட்டுக்கு ஏற்ற நான் தேட வேண்டியதாயிற்று. சூளை மூட்டும்போது நான் சூடம் காட்டுவேன், அவள் அந்தப் பக்கம் நின்று சிலுவை போடுவாள், நம் சூளைக்கு இரண்டு பக்கமும் காவல் என்று வீரம்மா சிரிப்பாள். எல்லாம் நல்லதுக்குத்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பட்டறை அவள் பெயரிலும் இல்லை, தர்மா பெயரிலும் இல்லை, அப்படியிருக்க இவ்வளவு பாடு எதற்காகப் படுகிறாள்? ராத்திரி பகல் இதையே நினைத்தேன். இன்னொன்று, பூசை முடிகிற நேரம் எனக்குத் தெரியும், சர்ச்சும் ஒன்றும் தூரமில்லை, இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை இவர்கள் இரண்டு பேரும் நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் வீடு வருவார்கள். எங்கே போனீர்கள் என்றால் சும்மா சுற்றிவிட்டு வந்தோம் என்பார்கள். புருஷன் பெண்டாட்டிக்குச் சுற்ற வேறு நேரமா இல்லை?

அது போதாதென்று மார்கழியில் சனிக்கிழமைகளிலும் காணாமல் போக ஆரம்பித்தார்கள். சாமான் வாங்கப் போகிறோம் என்று போவார்கள், ஒரு பையும் இல்லாமல் வருவார்கள். கேட்டால் பதில் வராது என்று தெரியும், அதனால் வெண்டியின் காரைப் போய்ப் பார்த்தேன், தர்மா லூமுட்டில் இருந்து வருவது பஸ்ஸில்தான், அந்தக் கார் வாரம் முழுக்க வீட்டிலேயே நிற்கும். டயரில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் கையில் தேய்த்தேன். நம் ஊர் மண் விரலில் பிசுபிசுக்கும், சுங்கை சிப்புட் மண் சிவப்பு, இது இரண்டும் இல்லை, வெள்ளையாக உதிர்கிற கடற்கரை மணல். வெள்ளிக்கிழமைதான் லூமுட்டில் இருந்து வந்தவன், மறுநாளே பெண்டாட்டியோடு திரும்பவும் லூமுட்டுக்கு எதற்குப் போகிறான்? அந்த மணலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நீட்டினேன். திருடன் மாதிரி விழித்துவிட்டு, அங்கே ஒரு வாடகை வீடு பார்த்தோம்மா, இன்னும் முடிவு பண்ணவில்லை என்றான். வெண்டி அடுப்படியில் நின்றாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போவதென்றால் போகட்டும், அதை ஏன் மறைக்க வேண்டும்? மறைத்தார்கள் என்றால் வீடு மட்டும் பார்க்கவில்லை, பின்னால் கொட்டகை போட இடமும் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் என் புத்தி போயிற்று. நம் தொழிலை முழுசாகக் கற்றுக்கொண்டு, நம் வாடிக்கையோடு கடலோரம் போய்க் கடை போடப் போகிறாள், நமக்கும் ஒரு சன்னாசி கிடைத்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயிலின் இளைஞர் குழுத் தலைவர், மகேந்திரன் என்று பேர், ஊர்ப் பொங்கலுக்குப் பானை கேட்டு வந்தார். கோயில் திடலில் வரிசையாக அடுப்பு வைத்து எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் பொங்க வேண்டுமாம், பானை எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டுமாம். வெண்டி என்னைக் கேட்காமலே தலையை ஆட்டிவிட்டாள். மாயாண்டி அவர்கள் ஊரிலேயே இருக்கும்போது நம்மிடம் எதற்கு வந்தார்கள் என்பதே எனக்கு இடித்தது. செமோர்ப் பானை வெடிக்காது என்று அவர் அம்மா சொல்லி அனுப்பினாராம். அந்த நேரம் பார்த்து என் கண் புரைக்கு ஈப்போவில் ஆப்பரேஷன் தேதி வந்தது. குனியக் கூடாது, புகை பக்கமே போகக் கூடாது, தூசு படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மண் மிதிப்பது முதல் சூளை போடுவது வரை எல்லாவற்றையும் வெண்டியிடம் விட்டுவிட்டு நான் அறையில் படுத்தேன். தூளைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் போட்ட கணக்கு இதுதான். பானை நன்றாக வெந்து வந்தால் அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்து எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறாள், லூமுட்டில் தனிக் கடை போடத்தான் இத்தனை நாளும் இங்கே இருந்தாள் என்று தெரிந்துபோகும். பானை வெடித்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவள் நேர்மையான பெண். உன் படிப்பில் இப்படி ஒரு பரீட்சை இருக்கிறதா, எனக்குத் தெரியாது. ஒரு கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்துக்கொண்டு, என் சொந்தச் சூளை வெடிக்க வேண்டும், என் மருமகள் நல்லவளாக இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெண்டி தினமும் வந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவாள், இன்றைக்கு மண் மிதித்தோம் அத்தை, இன்றைக்குப் பானை காய்கிறது அத்தை என்று சொல்வாள், சொல்லிவிட்டு ஏதோ கேட்க வருகிற மாதிரி கொஞ்ச நேரம் நிற்பாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

சூளை பிரித்த அன்றைக்கு நான் எழுந்து போகவில்லை, படுத்த இடத்திலேயே காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெந்த பானையை விரலால் தட்டினால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும் என்று உனக்குத் தெரியும், விரிசல் விட்டதைத் தட்டினால் வெறும் பலகைச் சத்தம்தான். வீரம்மா ஒவ்வொன்றாகத் தட்டினாள், எல்லாம் பலகைச் சத்தம். ஒன்றிரண்டு மணியாகக் கேட்டது, மறுபடியும் பலகை. பிறகு வீரம்மா தட்டுவதையே நிறுத்திவிட்டாள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நான் விட்ட முதல் மூச்சு நிம்மதி மூச்சு. நல்ல பெண்ணைத்தான் தர்மா கட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் பொங்கலுக்குப் பானை இல்லை என்பதும், வெடிக்காது என்று ஊர் சொன்ன நம் பேர் என்ன ஆகும் என்பதும் உறைத்தது. வெண்டி யார் மேலும் பழி போடவில்லை. மகேந்திரனைக் கூப்பிட்டு, சரியாகக் காய வைக்காமல் அவசரப்பட்டுவிட்டேன் அண்ணே, என் தப்புத்தான், அத்தைக்கு இதில் ஒன்றும் தெரியாது, பானைக்கு நான் பொறுப்பு என்றாள். இவள் எதற்காகப் பழியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம்.

பிறகு என் அறை வாசலிலேயே நின்றுகொண்டு மாயாண்டிக்குப் போன் போட்டாள். கையெல்லாம் கரியாக இருந்ததால் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள், அதனால் நானும் கேட்டேன். பானை எல்லாம் விரிசல் விட்டுவிட்டது மாமா, உங்களிடம் இருப்பதைத் தர முடியுமா என்று கேட்டாள். அவன் எடுத்த எடுப்பில் என்ன கேட்டான் தெரியுமா? "ஏம்மா, தூளு போட்டீங்களா இல்லையா?" நான் இத்தனை வருஷமாகக் கேட்டைப் பூட்டிக்கொண்டு இடித்தது இவனுக்கு எப்படித் தெரியும், யார் சொன்னது, உன் அப்பாதான் சொல்லித் தொலைத்தாரா, இல்லை பானை செய்கிற எல்லாருக்குமே இது தெரிந்ததுதானா என்று படுத்தபடியே பதறிக்கொண்டிருந்தேன். வெண்டி கொஞ்சமும் தடுமாறாமல், இல்லை மாமா, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று மறுபடியும் அதையே சொன்னாள். மாயாண்டி லாரியில் பானைகளை ஏற்றி நேரே கோயிலுக்கே அனுப்பிவிட்டான், நம் பட்டறைப் பேரிலேயே கொடுக்கச் சொல்லியும் அனுப்பினான். அதில் அவனுக்கு என்ன லாபம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பொங்கல் நன்றாக நடந்ததாம், ஒரு பானைகூட வெடிக்கவில்லையாம்.

பொங்கல் கழிந்து, கண்கட்டும் அவிழ்த்த பிறகு, ஒரு நாள் உடைந்த பானைக் குவியல் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அப்போதுதான் எனக்கு மூக்கில் வியர்த்தது. மாயாண்டி தூள் என்றானே, என்ன தூள் மாமா என்று வெண்டி ஏன் திருப்பிக் கேட்கவில்லை? தெரியாதவளாக இருந்தால் கேட்டிருப்பாள் அல்லவா? பரீட்சையில் பாஸ் என்று நான் போட்ட மார்க்கை அந்த இடத்திலேயே அழித்தேன். அவள் அடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போய் முகத்துக்கு நேராகக் கேட்டேன், உனக்குத் தூளைப் பற்றித் தெரியுமா தெரியாதா என்று. துணியைக் கீழே வைத்தாள், தெரியும் அத்தை என்றாள், வந்த புதிதிலேயே தெரியும் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபமாலையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தார்களாம், கேட் பூட்டியிருந்ததாம், உரல் சத்தம் கேட்டுத் தகர வேலிச் சந்து வழியாக எட்டிப் பார்த்தாளாம், பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் காருக்குப் போய்விட்டாளாம். அன்றிலிருந்து பூசை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து நேரத்தைப் போக்கிவிட்டுத்தான் வருவார்களாம், நான் பாதியில் மூட்டை கட்டித் திண்டாடக் கூடாது என்று.

என் முதல் நினைப்பு என்னவென்று மறைக்காமல் எழுதுகிறேன். பார்த்தாயா, எட்டிப் பார்த்திருக்கிறாள், நான் நினைத்தது சரிதான் என்பதுதான். பிறகு கோபம் வந்தது. அப்படியானால் தெரிந்துகொண்டே ஏன் தூளைப் போடாமல் விட்டாய், ஒரு சூளை முழுக்க நாசமாகும் என்று தெரியாதா, நம் பேர் கெடும் என்று தெரியாதா என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை. என்னை நேராகப் பார்த்து, "போட்டிருந்தா என்னைத் திருடின்னு சொல்லியிருப்பீங்க அத்தை" என்றாள். ஷர்மினி, ஒரு எழுத்து கூடக் குறைய இல்லாமல் அதைத்தான் சொல்லியிருப்பேன், சொல்லத் தயாராகத்தான் படுத்திருந்தேன். நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று கடைசி நாள்வரைக்கும் காத்துக்கொண்டிருந்தேன் என்றாள், மருந்து விட்டுவிட்டு நின்றது அதற்குத்தானாம். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்டு நல்ல பானைகளை நெருப்பில் விட்டோம். கடைசியில் கண் கலங்கிச் சொன்னாள். "நம்புங்கன்னு நான் கேக்கல அத்தை. தெரிஞ்சத தெரியாத மாதிரி நடிச்சு நடிச்சு அலுத்துப் போச்சு லா. அதுக்குத்தான் வீடு பாக்குறோம்." கடையும் இல்லை, கொட்டகையும் இல்லை, இவ்வளவுதான் விஷயம். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உரலை உருட்டிக்கொண்டு வந்து முன்வாசலில் போட்டேன், கேட்டை இரண்டு பக்கமும் திறந்து வைத்தேன், சாலையில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்து இடித்தேன். பத்துப் பேர் முன்னால் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர்கள் வழக்கம்போல வெயில் ஏறித்தான் வந்தார்கள். நான் இன்னும் இடித்து முடிக்கவில்லை என்று நினைத்துத் தர்மா காரைப் பின்னால் எடுக்கப் பார்த்தான், நான் உலக்கையைத் தூக்கி வா வா என்று ஆட்டினேன். வெண்டி இறங்கி, சர்ச்சுக்குக் கட்டிப் போன சேலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து சல்லடையை எடுத்தாள். எவ்வளவு தூள், எந்தப் பதத்தில், எப்போது சேர்ப்பது என்று நானே சொன்னேன். அவள் கையில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, இன்னும் நைசாக இருக்க வேண்டும் அத்தை, முன்பெல்லாம் இவ்வளவு கப்பி இருக்காது என்றாள். இவள் எத்தனை தடவைதான் எட்டிப் பார்த்தாள் என்று உடனே மனசு ஓடியது, பிடித்து நிறுத்திவிட்டு மறுபடியும் இடித்தேன். புத்தி ஒரே நாளில் மாறிவிடுமா? லூமுட் வீட்டுக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று தர்மா சொல்கிறான். இருப்பாளா போவாளா என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை, கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் வாசலில் அவள் செருப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில் இதற்குள் இருந்தால் எடுத்துக்கொள், ஆனால் என் பேரையும் ஊர்ப் பேரையும் மாற்றிப் போடு, சன்னாசி மாதிரி ஆட்கள் கையில் சிக்கக் கூடாது. நன்றாகப் படி, நல்ல பேர் எடு, உன் வாழ்க்கையில் நல்ல மனுஷர்களே உன் பக்கம் வர வேண்டும் என்று அம்மா ஆசீர்வாதம். பஸ்ஸில் தூங்காதே, யார் எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் படிக்காமல் போடாதே. ஒன்றை மட்டும் மறக்காமல் எனக்கு எழுத வேண்டும். நேற்று வந்த பெண்ணுக்கே தெரிந்திருக்கிறது என்றால், அந்த வீட்டிலேயே பிறந்து அந்த மண்ணிலேயே விளையாடிய உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று இப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பட்டறையிலேயே இருந்துவிடட்டுமாம்மா என்று நீ கேட்டாய். மண் மிதிக்கிற நேரம் பார்த்து உன்னையும்தான் நான் கடைக்கு அனுப்பினேன். நீயும் ஒரு நாள்கூடச் சீக்கிரம் திரும்பி வந்ததில்லை. நீ அவ்வளவு தூரம் போனது படிப்புக்காகத்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் தெரியுமா, கண்ணு? தெரிந்துதான் போனாயா?

பதிலை எதிர்பார்க்கும்,
உன் அம்மா
புஷ்பலதா